சுங்கை ராமால் மண்ணின் மைந்தன் லெப்டினன்ட் அட்னான்

காஜாங் என்றாலே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாத்தே. வார இறுதியில் நண்பர்களோடு புறப்பட்டு, கரி அடுப்பின் புகை மணத்தோடு கச்சாங் குழம்பில் தோய்த்து உண்ட அனுபவம் கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கும் மாணவர் எவருக்கும் இருக்கும். ஆனால், உணவால் பெயர் பெற்ற இந்த ஊர், வீரத்தாலும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? காஜாங்கிலிருந்து பாங்கி செல்லும் வழியில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் சூழ்ந்து கிடக்கும் சுங்கை ராமால், ஒரு காலத்தில் அமைதியான மலாய்க் கம்பமாக இருந்தது. அங்குப் பிறந்த ஓர் இளைஞர்தான், 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் சிங்கப்பூரின் ஒரு சிறு குன்றின் மேல் தம் கடைசி மூச்சு வரை போரிட்டு மடிந்த லெப்டினன்ட் அட்னான் பின் சைடி ஆவார்.

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயரைப் படித்திருக்கிறோம். தேர்வுக்காக ஓர் ஆண்டையும் ஓர் இடத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும் போயிருக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மகன், ஓர் ஆசிரியர், ஒரு கணவர், ஒரு தந்தை இருந்தார் என்பதை அறிந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

கம்பத்துப் பிள்ளை

அட்னான் 1915-ஆம் ஆண்டு மினாங்கபாவ் வழிவந்த ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்போதைய காஜாங் ரப்பரால் வளர்ந்துகொண்டிருந்த ஊர். மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களில் ஒன்றான இஞ்ச் கென்னத் தோட்டம் காஜாங்கில்தான் 1890-களில் தொடங்கப்பட்டது. 1897-இல் இரயில் பாதையும் வந்து சேர்ந்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்து காடழித்துப் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் இந்த வட்டாரம் எங்கும் பரவியிருந்தன. லயத்தில் தமிழ்ப் பிள்ளைகளும், கம்பத்தில் மலாய்ப் பிள்ளைகளும், கடைத்தெருவில் சீனப் பிள்ளைகளும் வளர்ந்த காலம் அது. ஒரே மண்ணில் வளர்ந்தாலும் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அதிகம் அறியாத காலமும் அதுவே.

அட்னான் ஆங்கிலக் கல்வி பெற்றார். படிப்பில் கெட்டிக்காரராக விளங்கிய அவருக்குப் பள்ளி முடிந்ததும் பயிற்சி ஆசிரியர் பணி கிடைத்தது. ஓராண்டுக்கும் மேலாக அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். அந்நாளில் ஒரு கம்பத்து இளைஞனுக்கு ஆசிரியர் வேலை என்பது பெரும் மதிப்புக்குரிய ஒன்று. நிழலில் இருந்து நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் வேறொன்றை நாடியது.

இருபத்தைந்து பேரில் தொடங்கிய படை

இவ்விடத்தில் மலாய் ரெஜிமெண்ட் தோன்றிய கதையைச் சற்று அறிந்துகொள்வது அவசியம். மலாயாவைக் காக்கும் பொறுப்பைப் பிரிட்டிஷார் நெடுங்காலம் தங்கள் படைகளிடமும் இந்தியாவிலிருந்து வரவழைத்த படைகளிடமுமே விட்டிருந்தனர். மண்ணின் மக்களான மலாய்க்காரர்களைக் கொண்டு ஒரு படை அமைக்க வேண்டும் என மலாய் ஆட்சியாளர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தனர். மலாய்க்காரர்கள் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு இணங்குவார்களா என்ற ஐயம் காலனித்துவ அதிகாரிகளுக்கு இருந்தது. இறுதியில் 1933-ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கான சட்டம் கூட்டரசுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச் முதல் நாள் போர்ட்டிக்சனில் வெறும் 25 இளைஞர்களோடு ஒரு சோதனைக் கம்பெனி தொடங்கப்பட்டது. பெயரே சோதனைக் கம்பெனி! வெற்றி பெற்றால் தொடரலாம். தோற்றால் கலைத்துவிடலாம் என்பதே அதன் பொருள்.

அதே 1933-ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், அட்னான் ஆசிரியர் பணியை விட்டுவிட்டு இராணுவத்தில் சேர்ந்தார். ஓராண்டுக்குள் சிறந்த பயிற்சி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சோதனை வெற்றி பெற்றது. 1935-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோதனைக் கம்பெனி என்ற அடைமொழி நீங்கி, அது முறையான மலாய் ரெஜிமெண்ட் ஆனது. உண்மையும் விசுவாசமும் என்ற பொருள் தரும் 'தாஆட் செத்தியா' அப்படையின் முழக்கமாயிற்று.

1937-இல் அட்னான் சார்ஜண்ட் பதவிக்கு உயர்ந்தார். அவ்வாண்டு மே மாதம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் நடைபெற்றபோது, அதையொட்டிய அணிவகுப்பில் கலந்துகொள்ள மலாய் ரெஜிமெண்டின் சார்பில் அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். சுங்கை ராமாலில் பிறந்த ஒரு பிள்ளை, உலகின் நாலா திசைகளிலிருந்தும் வந்திருந்த படைவீரர்களோடு இலண்டன் வீதியில் நடைபோட்டார் என்பது அக்காலத்தில் சாதாரணச் செய்தியன்று. நாடு திரும்பியதும் கம்பெனி சார்ஜண்ட் மேஜராகப் பதவி உயர்வு பெற்றார். பின்னர் சிங்கப்பூரில் அதிகாரிகளுக்கான பயிற்சியை முடித்து இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

1938-இல் சமயக் கல்வி ஆசிரியையான சோபியாவை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தனர். அட்னான் அதிகம் பேசாதவர். ஒழுங்கிலும் கட்டுப்பாட்டிலும் கண்டிப்பானவர். ஆனாலும் நல்ல உள்ளம் படைத்தவர் என்றே அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். அவருடைய தம்பியர் இருவரும் அண்ணன் வழியைப் பின்பற்றிச் சீருடை அணிந்தனர்.

போர்மேகம் சூழ்ந்தது

1941-ஆம் ஆண்டு அட்னான் மீண்டும் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். மனைவி மக்களும் உடன் சென்றனர். மலாய் அதிகாரிகளுக்கு ஒதுக்கப்பட்ட பாசீர் பாஞ்சாங் வீட்டில் அவர்கள் வாழ்ந்தனர். பின்னர் எந்த வட்டாரத்தில் அவர் உயிர் துறந்தாரோ, அதே வட்டாரத்தில்தான் தம் பிள்ளைகள் ஓடி விளையாடுவதையும் அவர் கண்டார்.

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அதிகாலையில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அப்போது சோபியா மூன்றாவது குழந்தையைக் கருவுற்றிருந்தார். சிங்கப்பூர் மீது குண்டுகள் விழத் தொடங்கிய அந்த மாதத்தில், மனைவியையும் பிள்ளைகளையும் காஜாங்கிற்கே திரும்ப அனுப்பிவைக்க அட்னான் முடிவு செய்தார். பிறந்த மண் பாதுகாப்பானது என்று எந்தக் குடும்பத் தலைவனும் நம்புவான் அல்லவா? அவர்கள் அவரைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

ஆனால் போர் காஜாங்கை நோக்கியே வந்துகொண்டிருந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் தரப்பின் இந்தியப் படைப்பிரிவு சிதறியது. கம்பாரில் 1941 டிசம்பர் இறுதியிலிருந்து 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியப் படைவீரர்கள் உறுதியோடு எதிர்த்து நின்றும் பின்வாங்க நேர்ந்தது. ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் தற்காப்பைப் பிளந்துகொண்டு முன்னேறின. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதையடுத்துக் காஜாங் உள்ளிட்ட சிலாங்கூரின் தென்பகுதியும் எதிரியின் கைக்குப் போனது. பாதுகாப்பு தேடி அனுப்பப்பட்ட குடும்பம் எதிரியின் ஆட்சியின் கீழ் இருக்க, குடும்பத் தலைவரோ சிங்கப்பூரில் துப்பாக்கியோடு நின்றிருந்தார். இந்த வேதனையை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் அவர் தம் கடைசிப் போரைச் சந்தித்தார்.

பாசீர் பாஞ்சாங் முகடு

1942 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு ஜப்பானியர் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கினர். ஐந்தே நாள்களில் தீவின் பெரும்பகுதி அவர்கள் வசமாகிவிட்டது. நகரின் தென்மேற்கே நீண்டு கிடந்த பாசீர் பாஞ்சாங் முகட்டைக் காக்கும் பொறுப்பு முதலாம் மலாய்ப் பிரிகேடிடம் இருந்தது. அந்த முகட்டைத் தாண்டினால் அலெக்சாண்ட்ரா. பிரிட்டிஷாரின் முக்கிய வெடிமருந்துக் கிடங்கும், தளவாடக் கிடங்குகளும், இராணுவ மருத்துவமனையும் அங்குதான் இருந்தன. ஆகவே அது சாதாரண மேட்டுநிலம் அன்று. நகரின் கடைசி வாசற்படிகளுள் ஒன்று.

பிப்ரவரி 13-ஆம் நாள் ஜெனரல் முத்தாகுச்சியின் 18-ஆவது டிவிஷன் அந்த முகட்டைத் தாக்கியது. பீரங்கிக் குண்டுகளும் விமானக் குண்டுகளும் மழையெனப் பொழிந்தன. மலாய் ரெஜிமெண்ட் அதற்கு முன் பெரும்போரைக் கண்டதில்லை. வயதிலும் அனுபவத்திலும் இளைய அப்படை அன்று முழுவதும் தாக்குப்பிடித்தது. நள்ளிரவில் கேப்டன் ரிக்ஸ் தலைமையிலான 'சி' கம்பெனிக்குப் புக்கிட் சண்டுவுக்கு நகருமாறு கட்டளை வந்தது. அட்னானின் 7-ஆவது பிளட்டூன் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தது. அவரிடம் 42 வீரர்கள் இருந்தனர்.

சண்டு என்றால் புகைப்பதற்காகப் பதப்படுத்தப்பட்ட அபின். அடிவாரத்தில் காலனித்துவ அரசின் அபின் ஆலை இருந்ததால் குன்றுக்கு அப்பெயர் வந்தது. இந்தக் குன்றில் நின்றவர்களுக்குப் பின்வாங்க வழியில்லை. அவர்களுக்குத் தெற்கே ஒரு பெரிய கால்வாய் ஓடியது. நோர்மண்டன் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் அதில் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. முன்னே எதிரி, பின்னே நெருப்பு. மணல் மூட்டைகளை அடுக்கி அரண் அமைத்து, அட்னான் தம் வீரர்களை ஊக்கப்படுத்தினார்.

நான்கு வரிசையில் வந்த வேடதாரிகள்

பிப்ரவரி 14-ஆம் நாள் பிற்பகல், தலைப்பாகை அணிந்த பஞ்சாபிப் படைவீரர்கள் ஓர் அணியாகக் குன்றை நோக்கி வந்தனர். பிரிட்டிஷ் இந்தியப் படையின் சீருடை. தங்கள் தரப்பைச் சேர்ந்தவர்கள் என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அட்னானின் கண்களில் ஒரு சிறு வேறுபாடு பட்டது. பிரிட்டிஷ் முறையில் பயின்ற படை மூன்று மூன்று பேராக அணிவகுக்கும். இவர்களோ நான்கு நான்கு பேராக வந்தனர். ஒன்பது ஆண்டுகள் அணிவகுப்பையே மூச்சாகக் கொண்ட ஒருவருக்கு அந்த ஒரு தவறு போதுமானதாக இருந்தது. அவர்கள் மாறுவேடம் பூண்ட ஜப்பானியர் என்பதை உணர்ந்துகொண்டார். நெருங்கி வரும்வரை பொறுத்திருந்து சுடும்படி உத்தரவிட்டார். இருபதுக்கும் மேற்பட்ட எதிரிகள் அங்கேயே வீழ்ந்தனர், எஞ்சியோர் பின்வாங்கினர்.

வாசகர்களே, இங்குச் சற்று நின்று சிந்தியுங்கள். பதற்றத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டிருந்தால் உண்மையான நட்புப் படையும் மடிந்திருக்கலாம். தயங்கி நின்றிருந்தால் அரணே பறிபோயிருக்கும். கற்ற பாடத்தை இக்கட்டான நேரத்தில் நினைவில் நிறுத்துவதே கல்வியின் பயன். முன்னாள் ஆசிரியரான அட்னான் அன்று அதைத்தான் செய்து காட்டினார்.

தந்திரம் பலிக்காத ஆத்திரத்தில், சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜப்பானியர் முழுப் பலத்தோடு தாக்கினர். எண்ணிக்கையில் அவர்களுக்கும் குன்றின் மேல் இருந்தவர்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கேப்டன் ரிக்ஸ் அப்போரில் உயிர் நீத்தார். அட்னான் படுகாயமுற்ற நிலையிலும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கினார். பின்வாங்கவோ சரணடையவோ மறுத்துத் தம் வீரர்களைத் தொடர்ந்து போரிடத் தூண்டினார். தோட்டாக்கள் தீர்ந்தன. கையெறி குண்டுகளும் தீர்ந்தன. பின்னர் துப்பாக்கி முனைக் கத்தியோடு நேருக்கு நேர் மோதினர். மிகச் சிலரே உயிர் பிழைத்தனர். அவர்களுள் ஒருவரான கோப்ரல் யாக்கோப், பிணங்களின் மேல் விழுந்து அசையாமல் கிடந்ததால் தப்பினார்.

காயமுற்றுப் பிடிபட்ட அட்னானை ஜப்பானியர் கொடூரமாகக் கொன்றனர். மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குத்தினர் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. கொன்ற பின்னரே உடலைத் தொங்கவிட்டனர் என்றும் கூறுவர். எவ்வாறாயினும், அடக்கம் செய்யக்கூட அவர் உடல் குடும்பத்தாருக்குக் கிடைக்கவில்லை. அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டவில்லை.

அன்றே ஜப்பானியர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் கொன்று குவித்தனர். மறுநாள், பிப்ரவரி 15-ஆம் நாள், ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். சுமார் 80,000 வீரர்கள் போர்க்கைதிகளாயினர். பிற்காலத்தில் அவர் எழுதிய அறிக்கையில், அனுபவமற்ற இளம் படையான மலாய் ரெஜிமெண்ட், மலாயாவில் இருந்த மிகச் சிறந்த படைகளுக்கு ஈடாகப் போரிட்டதாகப் பாராட்டினார். சோதனைக் கம்பெனி என்று ஐயத்தோடு தொடங்கப்பட்ட படைக்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

காஜாங்கில் காத்திருந்தவர்கள்

போர்க்களத்தில் மடிந்தவருக்குத் துன்பம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கோ அது அன்றுதான் தொடங்குகிறது. சோபியா ஈன்றெடுத்த மூன்றாவது குழந்தை பெண். சிங்கப்பூர் வீழ்ந்த சிறிது காலத்திலேயே அக்குழந்தை இறந்துபோனது. தந்தை மகளையும், மகள் தந்தையையும் கண்டதே இல்லை. கடற்படையில் சேர்ந்திருந்த தம்பி அகமட், அவர் சென்ற கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தபோது உயிரிழந்தார். மற்றொரு தம்பி அமாருல்லா போரில் உயிர் தப்பினார். சோபியாவும் 1949-இல் மறைந்தார். பிள்ளைகள் இருவரும் இளம் வயதிலேயே தாயையும் இழந்தனர். வீரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை இது.

யாருக்காகப் போரிட்டார்?

சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். அட்னான் அணிந்திருந்தது பிரிட்டிஷாரின் கீழ் இயங்கிய படையின் சீருடைதானே? அவர் காத்தது காலனித்துவ ஆட்சியைத்தானே? நியாயமான கேள்விதான். இந்தியர்களாகிய நமக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. ஏனெனில், சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டே நாள்களில், பிப்ரவரி 17-ஆம் நாள், ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் போர்க்கைதிகள் ஒன்று திரட்டப்பட்டனர். அங்கிருந்துதான் இந்திய தேசிய இராணுவத்தின் கதை தொடங்குகிறது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், நம் தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர். அவர்கள் பிரிட்டிஷாருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர். அதே காலத்தில், பல்லாயிரக்கணக்கான தோட்டப் பாட்டாளிகளை ஜப்பானியர் சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்கு இட்டுச் சென்றனர். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் திரும்பி வரவேயில்லை.

ஒரே போர், ஆனால் ஒவ்வொரு சமூகத்தின் நினைவிலும் அது வெவ்வேறு முகத்தோடு நிற்கிறது. அட்னானுக்கு எதிரி, தம் மனைவி மக்கள் வாழும் ஊரைப் பிடித்தவன். நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞனுக்கு எதிரி, தாய்நாட்டை அடிமைப்படுத்தியவன். இருவரையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பு வழங்குவது எளிது. இருவரின் மண்பற்றையும் புரிந்துகொள்வதே வரலாற்றை முறையாகக் கற்பதாகும். பிரிட்டிஷ் பேரரசு இங்கிருந்து போய்விட்டது. அட்னான் நின்ற படை மட்டும் விடுதலை பெற்ற நாட்டின் முதற்பெரும் படைப்பிரிவாக நிலைத்துவிட்டது. அவர் எதற்காக நின்றார் என்பதற்கு அதுவே விடை எனலாம்.

கல்லில் நிலைத்த பெயர்

நம் பண்டைத் தமிழர் போரில் விழுப்புண் பட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரும் பீடும் எழுதி வழிபட்டனர் என்பதை இலக்கியம் படித்த நாம் அறிவோம். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள போர் நினைவகமும் ஒரு வகையில் நடுகல்தான். கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அட்னானின் பெயர் அங்கு உள்ளது. இந்தியப் படைவீரர்கள் ஏராளமானோரின் பெயர்களும் அங்கேயே உள்ளன. உயிரோடு இருந்தபோது தனித்தனிப் படைகளில் நின்றவர்கள் அந்தச் சுவர்களில் அருகருகே நிற்கின்றனர்.

போர் நடந்த புக்கிட் சண்டுவில், காலனித்துவக் காலப் பங்களா ஒன்று 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நம் நாட்டில் அட்னானின் வாழ்க்கை 2000-ஆம் ஆண்டு அசிஸ் எம். ஒஸ்மான் இயக்கத்தில் திரைப்படமாக வெளிவந்தது.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் இவரிடமிருந்து கற்க வேண்டியது துப்பாக்கி ஏந்துவதை அன்று. ஒரு கடமையை ஏற்றுக்கொண்டபின் அதன் விலையைக் கண்டு பின்வாங்காத உறுதியை. எல்லோரும் பார்த்தும் காணாத சிறு வேறுபாட்டைக் காணும் விழிப்பை. ஐயத்தோடு நோக்கும் உலகிற்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடை தரும் பண்பை. ஒன்றுசேர்ந்து வாழும் நாட்டில் ஓர் இனத்தின் வீரன் அந்த இனத்துக்கு மட்டும் சொந்தமானவன் அல்லன். அட்னானின் கதையை நாம் தமிழில் எழுதிப் படிப்போம்; சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட நம்மவர் கதையை மற்றவர்க்கும் எடுத்துச் சொல்வோம். ஒருவர் துயரை மற்றவர் அறியும்போதுதான் இந்த மண்ணின் வரலாறு முழுமை பெறும்.